தக்காளித் தோட்டத்தில் ஒரு ‘நீங்க’

போன வாரம் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவின் உள்பக்கத்தில் பத்து எண்கள் தெரிந்தன. என் கையெழுத்துதான். எனக்கு எழுத்து கூட்ட வருவதற்கு முன்பே எண்கள் வந்துவிட்டன. ஏழு மட்டும் எப்போதும் கொஞ்சம் சாய்ந்து விழும். அந்தச் சாய்ந்த ஏழைப் பார்த்ததும் எங்கள் ரேடியோ நிலையத்து எண் என்று தெரிந்துவிட்டது. பேத்தி வாங்கிக் கொடுத்த செல்லில் ஒவ்வொன்றாக அமுக்கிக் காதில் வைத்தேன். ஒரு பெண் பேசினாள். ‘நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை’ என்றாள்.

எண் இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அவள் ‘நீங்கள்’ என்றாளே, அங்கேதான் நின்றுவிட்டேன். ஒரு இயந்திரம் முகம் பார்க்காமல் என்னை நீங்கள் என்கிறது. அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சொல்கிறேன், அவசரம் இல்லையே? எழுதுகிற கை எனக்கு மெதுவாகத்தான் நகரும்.

ரேஷன் கார்டில் என் பெயர் மாதம்மாள். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு மாதம்மாள் இருப்பார்கள். ஆனால் காலனியில் பிறந்த மாதம்மாள் ஊருக்குள் கால் வைத்தால் பின்னால் இருக்கிற ‘அம்மாள்’ கழன்றுவிடும். மாதி, அவ்வளவுதான். நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள்கூட ‘ஏ மாதி, இங்க வா’ என்பார்கள். நான் ‘வந்துட்டனுங்க’ என்பேன். நினைவு தெரிந்த நாள் முதல் ‘ங்க’வை நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டங்களில் பறிக்கிற வேலை எனக்கு. தக்காளிச் செடிக்கு ஒரு வாடை உண்டு, பச்சைக் கசப்பாக இருக்கும். கையில் கறுப்பாகப் படியும். சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் முதல்முதலில் மைக்கைத் தொட்டேன்.

மைக்கைக் கொண்டுவந்தவள் ஷகிலா. தருமபுரி டவுனில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் மகள், ரேடியோவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ‘ஆணும் பெண்ணும் ஒரே செடிச் சாலில் பறிக்கிறார்கள், கூலி மட்டும் ஏன் வேறே?’ என்று கேட்டுக்கொண்டு காலனிக்கு வந்தாள். எல்லாரும் சிரித்து மழுப்பினார்கள். நான் மட்டும், ‘பொம்பளை பறிச்ச தக்காளி மார்க்கெட்டுல வெல கம்மியாவா போவுது?’ என்றேன். அவ்வளவுதான் பேசினேன். மறுவாரம் திரும்பி வந்தாள்.

‘அக்கா, நீங்க வாரம் ஒருக்கா வந்து பேசறீங்களா? பேரு என்னன்னு சொல்லட்டும்?’

‘மாதம்மாள்’ என்றேன். என் பெயரை முழுசாக நானே சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ, வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் போய்ப் பேசிவிட்டு வருவேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு அதைப் போடுவார்கள். நிலையம் டவுனில் ரோட்டோரம் ஒரு மாடி வீடு, எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் கம்பளி. பேசும்போது சத்தம் வருகிறதென்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், வேர்த்து வழியும். கறுப்பாகப் பிறந்த பெண் குழந்தைக்கு ஏன் இத்தனை பவுடர் அப்புகிறோம் என்று பேசினோம். டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர் இருந்ததையும், பிறகு பேப்பர் கப் வந்து எல்லாருக்கும் ஒரே கப் ஆனதையும், அதுதான் நியாயம் என்று நாங்கள் நம்பிவிட்டதையும் பேசினோம். ஒருநாள் மைக்கின் பஞ்சை மோந்து பார்த்துவிட்டு ஷகிலா, ‘மாதம்மாக்கா, இதுல உங்க வாசம் ஏறிடுச்சு’ என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் சொன்னது பிடித்திருந்தது.

பெரிய நியாயஸ்தி மாதிரி எழுதுகிறேன் இல்லையா? இதையும் சொல்லிவிடுகிறேன். மரியாதைப் பேச்சைப் பற்றி நான் வீறாப்பாகப் பேசி முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷகிலா மெதுவாகக் கேட்டாள்: ‘உங்க காலனிக்குக் கூடை விக்க ஒரு அம்மா வர்றாங்களே, அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?’ அந்த அம்மா என்னைவிட மூத்தவள். நான் கூப்பிடுவது ‘ஏ கூடக்காரி’. அவள் அடுத்த தடவை வந்தபோது, ‘வாங்க, தண்ணி குடிங்க’ என்றேன். ‘ஏன், கூட வேண்டாமா?’ என்று பயந்துவிட்டாள்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். நாங்கள் வேலை செய்த தோட்டத்துக்காரர் ரேடியோ பிரியர். சட்டையைக் கழற்றித் தக்காளிக்கு நட்ட கம்பில் மாட்டிவிடுவார். அதன் பையில் செல் பாடிக்கொண்டிருக்கும். ஒரு புதன்கிழமை அந்தச் சட்டைக்குள்ளிருந்து ‘வணக்கம், நான் மாதம்மாள் பேசறேன்’ என்று என் குரல் வந்தது. நான் இரண்டு சால் தள்ளிக் குனிந்திருந்தேன். பக்கத்தில் கெம்பம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவள், கேலி பேச மட்டும் தமிழுக்கு வருவாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

‘கம்முனு இருங்கடி’ என்றார் தோட்டத்துக்காரர். ‘இந்தம்மா எவ்ளோ வெவரமா பேசறாங்க பாருங்க. உங்களுக்கும் வாயி இருக்குதே, கத்தறதுக்கு.’

‘ஆமாங்க, ரொம்பப் படிச்சவங்களாட்டம் இருக்குதுங்க’ என்றாள் கெம்பம்மா.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தாங்க முடியவில்லை. ‘மாதம்மா அவர்களே, கொஞ்சம் ஊறுகா குடுங்க. ஏன்டி, உம்புருசன் இருந்த வரைக்கும் ஒருநாளாச்சும் ஒன்ன இப்படிக் கூப்ட்டிருக்காரா?’

இருபது வருஷமாக அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவளின் குரல் அவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். அவர் முன்னால் நான் பேசியதெல்லாம் ‘சரிங்க’, ‘ஆமாங்க’, ‘வந்துட்டனுங்க’. இந்த மூன்றை வைத்து ஒரு குரலைக் கண்டுபிடிக்க முடியுமா? அவருக்கு மாதியைத் தெரியும். மாதம்மாளைத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் என்னோடு பேசலாம் என்று ரேடியோவில் சொல்வார்கள். அதற்கடுத்த ஞாயிறு நிலையத்துக்கு அவரே போன் செய்தார். ‘மாதம்மாக்காங்களா? வணக்கமுங்க. நீங்க பேசறத வாரம் தவறாம கேக்கறனுங்க.’ இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன். நான் இன்னார் என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த ‘நீங்க’ போய்விடும், கூடவே வேலையும் போகலாம். அதற்கப்புறம் அடிக்கடி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீங்க, திங்கட்கிழமை ஏ மாதி. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் கோமதி புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் மோட்டார் ரூமில் அவள் கை கழுவும்போது ரவிக்கைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே, உள்பக்கம், கரண்டிச் சூடு. வரிசையாக நாலு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். ‘அடுப்புல பட்டுடுச்சு. யாருகிட்டயும் சொல்லாத மாதி’ என்றாள். கை வெடிப்புக்காகச் சாப்பாட்டுத் தூக்கோடு கொண்டுவரும் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவிவிட்டேன்.

அந்த ஞாயிறு ஷகிலா போனை நீட்டினாள். ‘அந்த விவசாயி அண்ணன்தான். ரேடியோவுல போட வேண்டாங்கறாரு.’

அவர் குரல் இறங்கியிருந்தது. ‘எம்பொண்ணு கோச்சுகிட்டு வூட்டுக்கு வந்துடுச்சுங்க. ஊரு கேக்கறதுக்குப் பதில் சொல்லி மாளலீங்க. வர்ற வெள்ளிக்கெழம கொண்டு போயி வுட்டுட்டு வந்துடலாம்னு இருக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?’

‘புள்ள என்னுங்க சொல்லுது?’

‘பயமா இருக்குதுங்குது. புதுசுல எல்லாத்துக்கும் அப்படித்தானுங்களே.’

‘அனுப்பாதீங்க.’

‘டவுன்ல ஒக்காந்துகிட்டு சொல்லிடுவீங்க. எங்கூரு உங்களுக்குத் தெரியாதுங்கக்கா.’

இங்கே ‘சரிங்க’ என்று போனை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் கடைசிவரை அவருக்கு நான் மாதம்மாக்காதான். கோமதி வெள்ளிக்கிழமை போயிருப்பாள்.

‘தெரியுமுங்க’ என்றேன். ‘கோமதி கையில, ரவிக்க மறைக்கிற எடத்துல, நாலு சூடு இருக்குதுங்க. மோட்டார் ரூம்ல எண்ண தடவி வுட்டது நாந்தானுங்க. நான் மாதிங்க.’

போனுக்குள் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் தோட்டத்து மோட்டார்தான், எனக்குத் தெரியாதா?

‘எந்த மாதி?’

‘உங்க தோட்டத்து மாதிங்க.’

வைத்துவிட்டார். ஷகிலா மின்விசிறியைப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கெம்பம்மா, ‘இன்னிக்கு வராத, வேற தோட்டத்துல கேக்கலாம்’ என்றாள். நான் கேட்கவில்லை. என் கால்தானே, என் வேலைதானே. வரப்பில் நின்றிருந்தார். இரவெல்லாம் தூங்காத கண். எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல ‘ஏ...’ என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

‘வந்தாச்சா?’

‘வந்தாச்சுங்க.’

‘சாப்ட்டாச்சா?’

‘ஆச்சுங்க.’

‘மேக்கால சாலுல பழுத்தது நெறைய கெடக்குது. மொதல்ல அத பறிக்கணும்.’

கவனித்தீர்களா? நீயும் இல்லை, நீங்களும் இல்லை. கெம்பம்மா அன்றைக்கும் ‘ஏ கெம்பி’தான். எனக்கு மட்டும் பேச்சில் ஆளே இல்லை. சாலுக்குள் போனதும் அவள் கிசுகிசுத்தாள்: ‘என்னடி இது, மாதி இல்லாத மாதிரியே பேசறாரு.’

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி எதுவும் வரவில்லை. கோமதி களத்தில் உட்கார்ந்து காய் வேறு பழம் வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டதற்காக ஒரு மாதம் எனக்கு முகம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் பக்கத்தில் வந்து, ரவிக்கைக் கையை ஏற்றி, ஆறிப்போன தழும்பைக் காட்டிவிட்டுப் போனாள்.

தோட்டத்துக்காரர் அதற்கப்புறம் நிலையத்துக்குப் போன் செய்யவே இல்லை. ஆனால் புதன்கிழமை பதினோரு மணிக்குச் சட்டை கம்பில் தொங்கும். என் குரல் வந்தால் நிறுத்த மாட்டார். எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு மடை திருப்புவார்.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே பேசினார். ‘நாளைக்கு வரணும்.’ ‘தண்ணி வேணுமா?’ ஒரு மனுஷன் ஒவ்வொரு பேச்சையும் வளைத்து வளைத்து என்னைச் சுற்றிக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. நானும் என் ‘ங்க’வை விட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாள் ‘வந்தாச்சு’ என்று மட்டும் சொன்னேன். நாக்கு பின்னாலேயே ஓடிப்போய் ‘ங்க’வைச் சேர்த்துவிட்டது.

ரேடியோ நிலையம் நின்றுபோய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஷகிலா கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். கம்பளிச் சுவர் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. ரேடியோக் கம்பத்தைக் கழற்றி லாரியில் ஏற்றியதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். தோட்டத்தில் பாதி மனை ஆகிவிட்டது. கோமதி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். வழியில் பார்த்தால், ‘மாதம்மாக்கா, நல்லா இருக்கீங்களா?’ என்பாள்.

தோட்டத்துக்காரர் படுக்கையில் கிடந்தபோது அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். அந்த வீட்டில் வாசலைத் தாண்டி நான் போனது அன்றைக்குத்தான். கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் கண் திறந்து பார்த்தார்.

‘வந்தாச்சா?’

‘வந்தாச்சுங்க.’

நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு எதையோ தேடியது. எது வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘ஒக்காரலாமே’ என்றார்.

உட்கார்ந்தேன். எனக்கு வர வேண்டியது ‘ஒக்காருங்க’. அது வரவில்லை, அதை நான் மறக்கவும் இல்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார். இப்போதும் என்னை நீ என்பவர்கள் இருக்கிறார்கள். நீங்க என்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், செல்லை அமுக்கினால் அதுவும் நீங்கள் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி தெரியாமல் நின்ற ஒருவர்தான் இல்லை.