கல்மண்டபத்தில் அடிப்பிடித்த ஈரான் சோறு

காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் பழக்கமான வேலு, கல்மண்டபம் பகுதியில் இருக்கும் தன் வீட்டில் எனக்காக ஈரான் சோறு சமைக்கிறார். ஈரானில் விசைப்படகுச் சமையல்காரராக இருந்தவர். பிதுக்கிய மொச்சையையும் பொடியாக நறுக்கிய சதகுப்பைக் கீரையையும் பாசுமதிச் சோற்றோடு சட்டியில் அடுக்கி, துணி சுற்றிய மூடியால் மூடித் தீயைக் குறைக்கிறார்.

"அடியில அப்பளமாட்டம் மொறுமொறுன்னு புடிக்கும் சார். அதான் விருந்தாளிக்கு. ஒரு வாய் துன்னு பாரு, அப்பால நீ வூட்டுக்கே போவ மாட்ட."

சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறார்.

சற்று நேரத்தில் தீய்ந்த வாசனை வருகிறது. அவர் மனைவி கஸ்தூரி வெளியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைக்கிறார். கரண்டியை அடிவரை விட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

"சோத்த அடிபுடிக்க வுட்டுட்டு எங்க பூட்டாரு பாரு இந்த ஆளு! மானமே போச்சு. நீ கவலப்படாதண்ணா, மேல நல்லாத்தான் கீது."

கீரை மணக்கும் மேல்சோறு என் தட்டில் மலையாகக் குவிகிறது. அடியைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொள்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு துண்டு அவர் பல்லில் நொறுங்குகிறது. அவர் கண்கள் விரிகின்றன.

"எனக்கும் அதுல கொஞ்சம்..." என்கிறேன்.

தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

"சே சே, விருந்தாளிக்குப் போயி அடிபுடிச்சதக் குடுப்பாங்களா?"