சித்தப்பாவின் குழாய் வளர்ந்த வருடம்

ஐந்தாம் வகுப்பு முழுக்க நான் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. சித்தப்பாவின் போர்வெல்தான் அதற்குச் சாட்சி.

கொத்தமங்கலத்துக்கு வெளியே எங்கள் குடும்ப நிலத்தில் சித்தப்பா ஆழமாக ஒரு போர் போட்டிருந்தார். செக்காலைப் பக்கத்து வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் அங்கிருந்துதான் லாரி லாரியாகத் தண்ணீர் போகும். விடிந்ததிலிருந்து மோட்டாருக்கு ஓய்வே கிடையாது. போரின் வாயில் தடியான இரும்புக் குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஆயுத பூஜையன்று லாரிக்கு மாலையும் மோட்டாருக்குப் பொட்டும் ஆன பிறகு, அந்தக் குழாயின் உச்சியில் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. வேறு எந்தப் பிள்ளையையும் கிட்டே அண்டவிட மாட்டேன்.

நாலாம் வகுப்பில் குழாயின் உச்சி என் தாடைக்கு நேராக இருந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கும் அதே தாடைக்கு நேராகவே இருந்தது. நான் குள்ளச்சியாகவே நின்றுவிட்டேன் என்று அழுது ஊரைக் கூட்டினேன். "பாவாடை முழங்காலுக்கு ஏறிக் கெடக்கு, வளரலையாம்ல!" என்று அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அப்போதுதான் சித்தப்பா குனிந்து பார்த்தார். குழாயைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்டுத் தளம் அதை விட்டுப் பிரிந்து, நாலு விரல்கடை கீழே கிடந்தது. பழைய சிமெண்டு ஒட்டியிருந்த தடம் குழாயில் வளையம் போலத் தெரிந்தது.

"அடேயப்பா, குழாய் வளந்திருக்குடா!" என்றார்.

வளரும் நந்தி, வளரும் பிள்ளையார் என்று கேட்டுப் பழகிய ஊருக்கு, வளரும் குழாயை நம்புவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அதற்கு மஞ்சள் துணி கட்டியாயிற்று. லாரி டிரைவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வால்வைத் திறந்தார்கள். பூமியே அள்ளிக் கொடுக்கிறது என்று பூரித்துப்போன சித்தப்பா, அதற்குப் பக்கத்திலேயே தன் புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். நான் குள்ளச்சி இல்லை என்று நிரூபணமானதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை மட்டும் கும்பிடவில்லை. அவள் சித்தப்பாவுக்கு அக்கா. மாமா இறந்த பிறகு, அதே நிலத்தின் மூலையில் சித்தப்பா கட்டிக்கொடுத்த ஓரறை வீட்டில் இருந்தாள். அந்த வருடம் அவள் வீட்டுச் சுவரில் ஜன்னலிலிருந்து தரைவரை வெடிப்பு ஓடியிருந்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தது.

"தம்பி, குழா வளரலப்பா. நெலந்தான் கீழ எறங்குது. ராப்பகலா உறிஞ்சுனா அடியில என்ன மிஞ்சும்? மோட்டாரக் கொஞ்ச நாளு நிப்பாட்டிப் பாரு" என்றாள்.

"ஒங்க சொவத்துல கொத்தனாரு கோளாறு பண்ணிட்டான். அதுக்கு எங் குழாய ஏங்க்கா வையிறீக?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான்.

அத்தை அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு, யாரும் கூப்பிடாமலே, கையில் மஞ்சள் துணியோடு வந்தாள். குழாயில் அதைக் கட்டி, கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். கடைசியில் அத்தையும் வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

"என்ன வேண்டிக்கிட்டீக அத்தை?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "இந்தப் போரு சீக்கிரமா வத்திரணும்னு வேண்டிக்கிட்டேன்த்தா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு தம்பி பிழைப்பில் மண் விழ வேண்டுவதா? நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பா மனது தாங்காது என்று பெரிய மனுஷியாக முடிவு செய்துகொண்டேன். ஆனால் அத்தையோடு பேச்சை நிறுத்தினேன். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நீட்டிய பணியாரத்தைக்கூட வாங்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அத்தை வீட்டுச் சுவரில் அதற்குள் வெடிப்பை அடைத்துச் சிமெண்டு பூச இடம் பாக்கியில்லை. அந்த வீடு இனி தேறாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். சித்தப்பாவின் புது வீடோ அப்போதுதான் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. அத்தை யார் சுவருக்காகக் கண்ணை மூடி நின்றாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.