ஜன்னல் வழியாக வந்த மருந்து

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்தது. நட்டநடு ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். போன ஆடியில், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில்.

தாமரைச்செல்வி, திருப்பூர் மில்லில் சிவக்குமாரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு மாமியார் மலையம்மாள் வீடுதான் கதி. கர்ப்பத்தில் ரத்தம் சோதித்தபோது அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. புருஷனுக்கும் இருந்தது.

"உன்கிட்டருந்துதான் எனக்கு ஒட்டியிருக்கு. வீட்ல வாயத் தொறந்த, அம்புட்டுதான்," என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். பாவம், அவளும் அதை நம்பி அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா தைரியம் சொல்லியிருந்தார். அவள் மாத்திரையை விடக்கூடாது, பிள்ளைக்குத் தினமும் சிரப் கொடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். மாமியாரிடம் அதைச் சத்து மருந்து என்று சொல்லிவைத்தாள்.

அந்த வீட்டில் பச்சை உடம்புக்காரி உச்சி வேளையில் வாசல் தாண்டக் கூடாது. காத்து கருப்பு அண்டிவிடுமாம். போன் பார்த்தால் கண் கெட்டுவிடுமாம். அதனால் போன் மாமியாரிடம். அன்று திருநகரில் ஒரு சாவு. மலையம்மாள் காலையிலேயே அறையை வெளியே பூட்டினாள்.

"சாயங்காலம் வாரேன். சோறு தண்ணி உள்ள இருக்கு."

அதன் பிறகுதான் தாமரைச்செல்வி பார்த்தாள். சிரப் பாட்டிலைக் காணோம்.

கதவைத் தட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. நேற்றைய மருந்தைப் பிள்ளை கக்கிவிட்டிருந்தது. இன்றும் மருந்து தவறிப்போனால்... மறுபடியும் கதவை இடித்தாள்.

கடிகாரத்தில் 12.05.

டக்... டக்...

ஜன்னல் கம்பியில் வளையல் தட்டுகிற சத்தம்.

ஒரு கை உள்ளே நீண்டது. பச்சைக் கண்ணாடி வளையல். சொட்டச் சொட்ட நனைந்த கை. அதில் சிரப் பாட்டில்.

"பிள்ளைக்குக் குடு."

"யாருக்கா நீங்க? கதவத் தொறந்து விடுங்க!"

"எனக்குத் தொறக்க வராது..."

பாட்டிலை வாங்கி, அளந்து, ஊற்றினாள். பிள்ளை விழுங்கியது.

"கக்குதா?"

"இல்லக்கா."

"எம் பிள்ளைக்கு இப்பிடி ஒரு மருந்து இருக்குன்னு யாரும் சொல்லல..."

ஜன்னலுக்கு ஓடினாள். எட்டிப் பார்த்தாள்.

கீழே கிணறு.

நிற்க ஒரு சாண் இடம் இல்லை.

சாயங்காலம் மலையம்மாள் வந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"பச்சப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மருந்து எதுக்குன்னு நான்தானே பீரோல வச்சுப் பூட்டுனேன்? சாவி எங்கிட்டல்ல இருக்கு!"

அந்தக் கையைப் பற்றித் தாமரைச்செல்வி சொன்னாள். மாமியார் ஜன்னல் வழியாகக் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"பாண்டிமீனா..."

"அது யாரு அத்தை?"

"சிவக்குமாரோட மொதப் பொண்டாட்டி. இதே ரூமுலதான் கெடந்தா. பிள்ளை இளைச்சு இளைச்சே செத்துப்போச்சு. மறுவாரம் அவ கெணத்துல விழுந்துட்டா. என்ன சீக்குன்னு எங்களுக்குத் தெரியாது. ரத்தம் பாத்த டாக்டரு அவன மட்டுந்தான் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு."

"எப்ப?"

"ஆச்சு, அஞ்சு வருசம்."

தாமரைச்செல்வி சிவக்குமாரை முதன்முதலில் பார்த்து மூன்று வருடம்தான் ஆகிறது.