கச்சான் குழுவின் மூன்றாம் சரணம்

முள்ளியவளையில் யோகலிங்கம் வீடு எதுவென்று கேட்டால் "ஆர், கச்சான் யோகனோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவன் கச்சான் கடலை வறுத்து விற்கிறவன் அல்ல. புழுதியை வாரிக்கொண்டு வீசுகிற கச்சான் காற்றின் பெயரைத் தன்னுடைய றொக் இசைக்குழுவுக்கு வைத்தான், அவ்வளவுதான். சனத்துக்குக் காற்றா நினைவுக்கு வரும்? முதல் மேடையிலேயே "கச்சான் சுருள் என்ன விலை?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தப் பட்டம் நாற்பது வருடமாக அவனை விட்டு இறங்கவில்லை.

எனக்கு அவன் மச்சான் முறை. குழுவில் நான் ட்ரம்ஸ். என் காது பாதி மந்தமானதற்கு அவனுடைய கிற்றார்தான் காரணம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவன் வயல் செய்கிறவன். குடி, வெற்றிலை ஒன்றும் இல்லை. ஒரேயொரு வியாதி, பாட்டின் வேகம். நான் ஒரு முடி அளவு முந்தினாலும், பயிருக்குள் மாடு இறங்கியதுபோல் திரும்பிப் பார்ப்பான்.

போன வருடம் கிளிநொச்சியில் ஒரு கலியாண வீடு. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு பொடியன் மேடையில் ஏறி, "அங்கிள், காணும், நிப்பாட்டுங்கோ. டிஜே ரெடி," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். யோகன் அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி நேசமலரிடம் சொன்னான்.

"இனி ஒரேயொரு மேடை. அதிலையும் பொடியள் எழும்பிப் போனால் நான் கிற்றாரைத் தொடமாட்டன்."

"நல்லதாப் போச்சு, வயலைப் பாருங்கோ," என்றா நேசமலர். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த ஒரு மேடை இந்த வருடம் கிடைத்தது. விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா, ஞாயிறு பின்னேரம், மைதானம் நிறையப் பொடியள். பரிசளிப்புக்கும் டிஜேக்கும் நடுவில் எங்களுக்குக் கொஞ்ச நேரம். சும்மா சொல்லக்கூடாது, முதல் பாட்டுக்கு எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதுக்குப் பின்வரிசை எழும்பத் தொடங்கியது. யோகன் திரும்பி என்னைப் பார்த்தான். வெள்ளம் வந்து கதிர் சாய்ந்த வருடம்தான் அந்த முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது.

"மச்சான், எங்கடை பாட்டோடை முடிப்பம்," என்றான்.

எங்கள் பாட்டு என்றால் 'சந்தியில நிக்கிறன்'. வராத பஸ்ஸுக்காகச் சந்தியில் காத்து நிற்கிற ஒருவனைப் பற்றி அவனே கட்டியது. யுத்தத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரேயொரு கசட்டில் பதிந்தோம். இரண்டு மூன்று பேர் கொப்பி எடுத்தார்கள். எங்கள் கசட் இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது.

அவன் முதல் வரியை எடுத்தான். அடுத்த வரியை அவன் பாடவில்லை. மைதானம் பாடியது.

எனக்கு முதலில் விளங்கவேயில்லை, எங்கோ வேறு ஒலிபெருக்கி போடுகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால், எழும்பிப் போனவர்கள் திரும்பி வந்து நின்று பாடுகிறார்கள். ஒரு சொல் பிசகவில்லை. நாங்கள் பாடிய காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேஸ் கிற்றார் வாசிக்கிற மஸாஹிர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

மூன்றாம் சரணத்தில்தான் வில்லங்கம் வந்தது. பொடியள் திடீரென்று வேகமெடுத்தார்கள். யோகன் கையை உயர்த்தி அடக்கிப் பார்த்தான். ஆர் கேட்டார்கள்? நான் ஒரு பக்கம், மஸாஹிர் ஒரு பக்கம், வாத்தியமெல்லாம் சிதறி நின்றுபோயிற்று. பாட்டை அவர்களே ஓடி முடித்தார்கள்.

மேடைக்குக் கீழே நின்ற ஒரு பிள்ளை, சாரங்கா என்று பெயர், உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அவள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், மூண்டாவதிலை ஏன் பிழையா வாசிக்கிறியள்?"

"பிள்ளை, அது நான் கட்டின பாட்டு."

"தெரியும் அங்கிள். அம்மான்ரை கசட்டிலை இருந்து போனிலை ஏத்தினது. ரியூசனிலை எல்லாரிட்டையும் இருக்கு. மூண்டாவதிலை பஸ் வருதெல்லோ? ஓடிப் பிடிக்கவேணும். அதுக்குத்தானே வேகமாக்கினனீங்கள்?"

 எனக்குப் பொறி தட்டியது. அந்த நாளில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில்தான் றெக்கோடர் ஓடியது. மிதிக்கிறவர் களைத்தால் நாடா மெல்ல நகரும். மெல்ல நகர்ந்து பதிந்ததைப் பிறகு நல்ல கரண்டில் போட்டால் பாட்டு ஓட்டமெடுக்கும். நாங்கள் கேட்டதும் மிதித்துத்தான், அதனால் பிழை எங்களுக்குத் தெரியவேயில்லை. இந்தப் பிள்ளைகள் அந்தப் பிழைக்குள் ஒரு பஸ்ஸை ஓடவிட்டிருக்கிறார்கள். அப்படியொரு எண்ணம் பாட்டைக் கட்டியவனுக்கே வந்ததில்லை. நான் பிரமித்துப்போய் ட்ரம்ஸ் தடியைக் கீழே வைத்துவிட்டு, யோகனின் காதில் அதைச் சொன்னேன்.

"வன்ஸ்மோர்! வன்ஸ்மோர்!" என்று சத்தம் வானத்தைப் பிளந்தது.

திரும்பவும் வாசித்தோம். மூன்றாம் சரணம் வந்ததும் யோகன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். "விடு மச்சான், ஓடட்டும்!" வாழ்நாளில் முதல்தடவையாக நான் முந்தி அடித்தேன், அவன் முறைக்கவில்லை. பாதியில் அவனுடைய விரல்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கையை எடுத்துவிட்டு, பொடியள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். கண்ணீர் வழிந்ததை அவன் துடைக்கவுமில்லை.

பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்தான்.

"பிள்ளையள், இந்த வேகத்தைப் போட்டது நானில்லை. அண்டைக்குச் சைக்கிள் மிதிச்சு வந்த கரண்டிலைதான் பதிஞ்சனாங்கள். மிதிச்சவ அந்தா, முன்வரிசைக் கதிரையிலை இருக்கிறா. அப்ப நாங்கள் கலியாணமும் கட்டேல்லை."

எல்லோரும் நேசமலரைப் பார்த்தார்கள். அவ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. பிறகு பொறுக்கமாட்டாமல் எழும்பிக் கத்தினா.

"எனக்கு அண்டைக்குக் கால் உளைஞ்சதப்பா!"

மைதானம் முழுக்கப் பொடியள் எழும்பினார்கள். யோகன் ஒரு கணம் பயந்துபோனதைக் கண்டேன். ஆனால் ஒருவரும் போகவில்லை. நேசமலரின் கால்களுக்காக எழும்பி நின்று கைதட்டினார்கள்.