நூறு மீட்டரில் ஜெயித்த மீசை

என் போட்டோ ஒரே ஒரு முறை புத்தகத்தில் வந்திருக்கிறது. அதில் நான் வேறொருவன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. புல் வெட்டுவது, ரோலர் இழுப்பது, ஓட்டப் பந்தயத்துக்குக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவது. கோடு போடும்போது பின்பக்கமாகவே நடப்பேன். எதிரில் வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். அவ்வளவு கூச்சம். என் கல்யாண போட்டோவிலேயே என் தலை உச்சிதான் தெரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில், பத்திரிகை, சினிமா பற்றிப் படிக்கிற பிள்ளைகள் விளையாட்டுக்காகவே ஒரு புத்தகம் போட்டார்கள். எழுதுவது, படம் எடுப்பது, அச்சுக்குக் கொடுப்பது எல்லாம் அவர்களேதான். ஆசிரியர் ஒரு மாணவி. போட்டோ எடுப்பவன் மாமல்லபுரத்துப் பையன். கடற்கரையில் டூரிஸ்டுகளைப் படம் பிடிக்கும் மாமாவிடம் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தான்.

அந்த வருஷம் நூறு மீட்டரில் ஜெயித்தவன் கருங்குழிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன், முதலாம் ஆண்டு. எல்லைக் கயிற்றைத் தொட்டதும் நேராக என்னிடம்தான் ஓடி வந்தான்.

"அண்ணே, போட்டோ வருமாண்ணே? நைனா நம்பவே மாட்டேங்குது. ஓடறேன்னு சொல்லிகினு ஊர் சுத்துறியாடான்னு கேக்குது. புக்குல பாத்தாதான் ஓட வுடுமாம். இல்லன்னா ஓட்டத்த வுட்டுட்டு ஒழுங்கா மூணு மணி பஸ்ஸுல வூடு வந்து மாட்ட பாருன்னு சொல்லிடுச்சி."

வரும் என்று தலையாட்டினேன்.

போட்டோக்காரன் அன்று காலையிலிருந்து ஒரே சந்தோஷத்தில் இருந்தான். முப்பத்தாறு படம் எடுக்கும் ரோலில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தது.

"மச்சான், லக்கி ரோலுடா இது! நிக்கவே மாட்டேங்குது!"

செங்கல்பட்டு ஸ்டுடியோவில் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஃபிலிம் கேமராவின் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை, ஒரு படமும் விழவில்லை. மொத்தப் பந்தயமும் அந்தச் சுருளுக்கு வெளியேதான் நடந்திருந்தது.

அச்சுக்குப் போக இரண்டு நாள். திரும்பவும் எடுக்கலாம் என்று எல்லோரையும் வரவழைத்தார்கள். உயரம் தாண்டியவள் மறுபடி தாண்டினாள், குண்டு எறிந்தவன் மறுபடி எறிந்தான். கருங்குழிப் பையன் மட்டும் இல்லை. அம்மை போட்டு வீட்டில் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தான்.

ஆசிரியர் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அவன மாதிரிதான் ஒல்லியா கீறீங்க. அவன் பனியன் இங்கதான் கீது. குனிஞ்சிகினே ஓடுங்க, மூஞ்சி தெரியாது."

குனிவது எனக்குப் பழக்கம்தான். பையனுக்கு வாக்கு வேறு கொடுத்துவிட்டேன். பனியனைப் போட்டுக்கொண்டு, நானே போட்ட கோட்டுக்குள் ஓடினேன். மைதானத்தில் ஒரு செவலை நாய் உண்டு. தினம் என் சாப்பாட்டில் பாதி அதற்குத்தான். நான் ஓடி அது பார்த்ததே இல்லை. சோற்றுத் தூக்கோடு ஓடிப்போகிறேன் என்று நினைத்ததோ என்னவோ, கயிறு வரும் நேரம் பின்னாலிருந்து வந்து கால்சட்டையைக் கவ்வியது. வாயைத் திறந்து தலையைத் தூக்கினேன். கிளிக்.

"இன்னா எக்ஸ்பிரஷன்ணே!" என்றான் போட்டோக்காரன்.

கருப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அதையே முழுப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள். கீழே, 'மின்னல் வேகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்' என்று இருந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மேலே பார்த்தால், முப்பத்தைந்து வயசு மீசையோடு நான்.

பையன் தேறி வந்து பக்கத்தைத் திறந்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான். "அண்ணே, சனிக்கிழம நைனா வருது. புக்கு வந்துடுச்சின்னு ஆள் வுட்டு சொல்லிட்டேன்ணே."

சனிக்கிழமை நான் ரோலருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தோளில் துண்டோடு அவர் வந்தார். புத்தகத்தை வாங்கினார். தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, அம்மை போட்டா மீசையா மொளைக்கும்?"

நாய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ரோலரைச் சுற்றி வந்து வாலை ஆட்டியது. அவர் எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, எம்புள்ள பனியன போட்டுகினு ஓடுனது நீதானா? அப்ப இவன் ஓடவே இல்ல. கெளம்புடா, பஸ்ஸுக்கு டைம் ஆச்சி."

எல்லாவற்றையும் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் கோடு போடுவது எனக்குச் சுலபம். சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன். குறுக்கே ஒரு கோடு போட்டேன். நூறு மீட்டர் அளந்து இன்னொரு கோடு. திரும்பி வந்து, "ஓடச் சொல்லிப் பாருங்க" என்றேன். அந்த மாதத்தில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "நீயும் கூட ஓடு. புஸ்தகத்துல நீதானே ஜெயிச்ச?"

அவரே துண்டை வீசிக் கொடி காட்டினார். பையன் போனதை நான் பார்க்கவில்லை, புழுதியைத்தான் பார்த்தேன். அவன் முதல், நாய் இரண்டாவது. முடிகிற இடத்தில் நான் போட்ட கோட்டில் நானே வழுக்கி, சுண்ணாம்பு அப்பிய முகத்தோடு மூன்றாவதாக வந்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். நேரம் ஆகியும் பஸ் நினைப்பே அவருக்கு வரவில்லை.

"இந்த ஓட்டம் ஓடுவியாடா நீ?" என்றார் பையனிடம். பிறகு என்னிடம், "நாய்க்கு இன்னா பிரைஸ் குடுப்பீங்க?"

அடுத்த பந்தயம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு தனியாகத்தான் ஊருக்குப் போனார். புத்தகத்தை இனி நம்புவதில்லையாம், நேரில் வருவாராம்.

அன்று சாயங்காலமே பையனை இன்னொரு முறை ஓடவிட்டு, போட்டோக்காரன் ஃபிலிமை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்தான். அந்தப் படத்தைத் தனித்தாளில் அச்சடித்து எல்லாப் புத்தகத்திலும் என் படத்தின்மேல் ஒட்டினோம். பசை தடவியது நான்தான். என் முகத்தை நானே இருநூறு தடவை மூடினேன். அவ்வளவு நிம்மதியாக எந்த வேலையும் செய்ததில்லை.

ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். விஷயம் தெரிந்ததும் என் மனைவி அந்தப் பக்கத்தை இட்லிப் பானை ஆவியில் காட்டி, மேல் தாளை நகத்தால் மெதுவாக உரித்தாள். உள்ளே நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

"கல்யாண போட்டோவுல தெரியாத மூஞ்சி இப்பதான் தெரியுது," என்றாள். "அங்கயும் ஒரு நாய வுட்டிருக்கணும்."