சாக்குக்கு ஒரு கிலோ

சின்னசேலத்தில் என் கொழுந்தனார் மக்காச்சோள மண்டி வைத்திருக்கிறார். அங்கே மூட்டை நிறுக்கும் எடைமேடை ஒன்று உண்டு. எங்கள் மலை பஸ் டிரைவர் அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புது வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி வலது காலை முன்வைத்து அந்த மேடையில் ஏறி நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி டாக்டர் வைத்திருந்த மெஷினில் முள் கடைசிவரை ஓடி முட்டி நின்றுவிட்டது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் எடை தெரிய வேண்டும், எங்கேயாவது பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மண்டிக்கு அழைத்துப்போன யோசனை என்னுடையது. மேடையில் நூற்று நாற்பத்தேழு என்று சிவப்பாக வந்தது. நிறுக்கும் ஆள் அதைப் பார்த்துவிட்டுச் சீட்டில் நூற்று நாற்பத்தாறு என்று எழுதினார்.

"இன்னாபா, ஒரு கிலோ எங்க போச்சி?" என்றார் அண்ணன். அந்த ஆள் நிமிராமலே, "சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சிக்கினேங்க" என்றார். நாள் முழுக்க மூட்டையைப் பார்த்துப் பழகிய கை, அவரையும் மூட்டையாகவே எழுதிவிட்டது. அண்ணன் சிரித்த சிரிப்பில் மேடை ஆடி, எண் மேலும் கீழும் ஓடியது. சீட்டை மாற்றி எழுதவும் விடவில்லை. அந்த ஒரு கிலோ சலுகையோடுதான் கடிதம் சேலத்துக்குப் போனது.

நான் வெள்ளிமலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் அரசுப் பேருந்தில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட் எனக்கு எழுதி வைத்த சொத்து. அங்கிருந்து பார்த்தால் ரோடு பாதி தெரியும், அண்ணனின் வயிறு பாதி தெரியும். கொண்டை ஊசி வளைவு வந்தால் மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை உள்வாங்குவார், ஸ்டியரிங்கை ஒடிப்பார், வளைவு முடிந்ததும் விடுவார். நான் கூடவே மூச்சுப் பிடித்து விட்டிருக்கிறேன். சர்க்கரை, முட்டிவலி, ராத்திரி படுத்தால் தொண்டை வரை ஏறும் நெஞ்செரிச்சல் எல்லாம் அவருக்கு இருந்தன. டிப்போவில் உடல் தகுதி பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் ஸ்டியரிங்கைத் தர மாட்டார்கள், ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நாற்காலில குந்தவெச்சா ஆறு மாசத்துல பூடுவேன் டீச்சர்" என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உடம்பு அப்படி ஆனதற்குக் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் தினமும் என் கண்முன்னால் நடந்தது. மலையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் டிரைவர் பக்கத்து ஜன்னலில் எதையாவது நீட்டுவார்கள். பலாச்சுளை, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, கொய்யா, சின்ன பாட்டிலில் தேன், பொட்டலத்தில் சாமைப் பொரியுருண்டை. அண்ணன் வாங்கி அவர்கள் பார்க்கவே வாயில் போடுவார், தலையை ஆட்டுவார், அப்புறம்தான் கியர் போடுவார். நானும் ஒரு சுளை தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "இது எனுக்குக் குடுத்தது" என்று மறுத்துவிடுவார். கஞ்சன் என்று கண்டக்டரிடம் கோள் சொல்லியிருக்கிறேன், அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சேலத்தில் எடை குறைய இரண்டு ஆபரேஷன்களைச் சொல்லி அனுப்பினார்கள். கொடுத்த தாள்களை அவருக்குப் படித்துச் சொன்னவள் நான். ஒன்று, இரைப்பையை நீளவாக்கில் வெட்டிப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைக்காய் அளவுக்குக் குழாயாக விடுவது. இன்னொன்று, இரைப்பையின் மேல்பக்கத்தில் சின்னதாக ஒரு பையைப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுவது. "ஊருக்குள்ள நொழையாம பைபாஸ்ல போற மாதிரி" என்று அவரே விளக்கம் சொல்லிக்கொண்டார். சர்க்கரையும் நெஞ்செரிச்சலும் இருப்பதால் இரண்டாவதுதான் நல்லது, முதலாவது செய்தால் எரிச்சல் கூடினாலும் கூடும் என்பது சேலம் டாக்டரின் கருத்து. ஆனால் இரண்டாவதில் ஆயுளுக்கும் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். இன்னொன்றும் இருந்தது. இனிப்பு எதையாவது தின்றால் சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும்.

அந்த வரியைக் கேட்டதும் முதல் ஆபரேஷன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் விடவில்லை. இனிப்பைத் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று வாரக்கணக்கில் சண்டை போட்டேன். பதிலுக்கு ஹாரன் அடிப்பார். எதிரே ஒரு வண்டியும் இருக்காது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடுபிடித்திருந்த காலம் அது. ஒரு நாள் மதியம் மலையிலிருந்து இறங்கி வரும்போது, கச்சிராயப்பாளையத்தில் மறியல், வண்டி போகாது என்று கோமுகி அணைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். முதல் சீட்டில் வழக்கமாக வரும் மலைக்காரப் பெரியம்மாவும் இருந்தார். அன்றுதான் அண்ணன் எனக்குப் பழைய கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் நடந்த முதல் போராட்டத்தில் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்களாம். கடுக்காய் ஏற்ற மலைக்கு லாரி ஓட்டிப்போன இவர் இறங்க முடியாமல் ஆறு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. இந்தப் பெரியம்மாவின் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் மாற்றி மாற்றிச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். பழைய சாமை தீர்ந்து, புதுச் சாமை அறுக்காத மாதம் அது. அவர்கள் அரை வயிறு சாப்பிட்டுத் தனக்குப் போட்டது, கீழே இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அவுங்க குடுக்கறத வாணாம்னு சொல்ல எனுக்கு வாய் வராது டீச்சர். வாங்கித் துன்னா வளைவுல தல சுத்தும். அறுபது பேரு உயிரு. நான் இன்னா பண்ண?" என்றார். அப்படிக் கேட்ட அந்தப் பெரிய உடம்பைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாக, என் வழக்கப்படி, வாயைத் திறந்துவிட்டேன். பெரியம்மாவின் பக்கம் திரும்பி ஆபரேஷன், சர்க்கரை, பலாச்சுளை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அண்ணன் என்னை முறைத்த முறைப்பு சாதாரணமானதல்ல.

பெரியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். "நாங்க குடுத்ததையெல்லாம் நீயேவா தின்ன?" என்றார். "உன் ஊட்டுல புள்ளைங்க இருக்குதுன்னுதான பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தோம்? அதுங்க வாயில ஒண்ணுகூடப் போடலியா?" என்றார் மறுபடியும். ஜன்னலில் வாங்கியதை அங்கேயே தின்ன வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் கொடுத்தவர்களை அவமதித்ததாகும் என்று அண்ணன் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு இத்தனை வருடமும் தின்றிருக்கிறார். மலைக்காரர்களோ, நாம் கொடுப்பது அவர் பிள்ளைகளுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். புளியமரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "வாங்கிக்க, அது போதும். யாரு உன்னத் திங்கச் சொன்னா" என்று பெரியம்மா அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார். அன்று சாயங்காலம் வண்டி கிளம்பும்போது, "டீச்சர், அந்த ரெண்டாவது ஆபரேஷனுக்கே எழுதிக் குடுத்துடலாங்க" என்றார்.

ஆபரேஷன் முடிந்து, சில மாதம் லேசான வேலையில் இருந்துவிட்டு, தகுதிப் பரிசோதனையிலும் தேறி மறுபடி ஸ்டியரிங்குக்கு வந்தார். சட்டை கொடியில் தொங்குவது போல உடம்பில் தொங்கியது, கழுத்துச் சதை மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருந்தது. வளைவுகளில் அவர் மூச்சுப் பிடிக்கவில்லை, நான்தான் பழக்கத்தில் பிடித்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை மாட்டியிருந்தார். ஜன்னலில் வாங்கியதைக் கண்ணில் ஒற்றிப் பையில் போடுவார். ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு ஒரு சுளை தின்றுவிட்டார். அடுத்த வளைவுக்கு முன்பே வியர்த்துவிட்டது, வண்டியை ஓரம் கட்டிக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். அரை மணி நேரம் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கண்ணைத் திறந்ததும் நான் திட்டிய திட்டை மலைப் பிள்ளைகள் ரொம்ப நாள் சொல்லிக்காட்டிச் சிரித்தார்கள்.

நான் ஓய்வு பெற்று வந்து சில வருடம் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது, போவதற்குத்தான் இடமில்லை. போன மாதம் அண்ணனின் கடைசி நாள் என்று தெரிந்து, பழைய சீட்டில் உட்கார்ந்து மலைக்குப் போய் வந்தேன். பெரியம்மா இப்போது இல்லை, அவருடைய மருமகள் வந்திருந்தார். திரும்பும்போது மஞ்சள் பை நிறைந்து, இன்ஜின் மேலும் படிக்கட்டிலும் மூட்டைகளாகக் கிடந்தன. முழுப் பலாப்பழங்கள், சாமை, மொச்சை, கடுக்காய், தேன். வண்டியை ஒப்படைத்த பிறகு அண்ணன் ஒரு வேனில் எல்லாவற்றையும் ஏற்றினார். "சின்னசேலம் வரைக்கும் வரிங்களா டீச்சர்?" என்றார். எதற்கு என்று கேட்காமல் ஏறிக்கொண்டேன்.

மண்டியில் அதே மேடை, அதே ஆள், தலை மட்டும் நரைத்திருந்தது. அண்ணன் மூட்டைகளை மேடையில் அடுக்கச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அன்று போலவே வலது காலை முன்வைத்து ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். நூற்று ஐம்பத்திரண்டு என்று வந்தது. அன்றைக்கு வந்ததைவிட ஐந்து கிலோ கூட. ஆள் சீட்டை எடுத்துப் பேனாவை வைத்ததும் அண்ணன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"சாக்குக்குன்னு ஒண்ணும் கழிக்காதபா. அத்தினியும் அவுங்க குடுத்தது."