போத்தலிலை பெரிசு, கையிலை சின்னன்

வளர்ப்பு மீன் விக்கிற கடையிலை நிக்கிறவைக்கு நல்ல வாய் வேணும்; எனக்கு அதுதான் இல்லை. குருநகரிலை இருந்து சைக்கிளிலை யாழ்ப்பாணம் ரவுணுக்கு வந்து, கண்ணாடித் தொட்டியளுக்குப் பின்னாலை ஒதுங்கி நிப்பன். மனிசன் கட்டாரிலை. மகள் வயித்திலை இருக்கேக்கை போனவர். அவளுக்கு இப்ப மூண்டு வயசு. தகப்பனை ஃபோனுக்குள்ளைதான் தெரியும். கோயில் திருநாளுக்குக் கட்டாயம் வாறன் எண்டு சொல்லியிருந்தார். அதை நினைச்சுக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் கடை திறக்கிறது. உங்களிலையும் கடையளிலை நிக்கிறவை இருப்பியள், என்ரை பாடு விளங்கும்.

வலைக்கு வராத மீன்

முதல் நாள் ஒரு கறுப்பு மீனைப் பிடிக்கச் சொன்னவை. மேலை நிண்டு பாத்து, மீன் தெரிஞ்ச இடத்திலை வலையைப் போட்டன். தண்ணிதான் வந்தது. திரும்பவும் போட்டன், திரும்பவும் தண்ணி. தொட்டிக்குள்ளை என்ரை கையே முறிஞ்ச கை மாதிரிக் கோணலாய்த் தெரிஞ்சது.

வாங்க வந்த ஆக்கள் சிரிக்க, எனக்கு அழுகை வந்திட்டுது. முதலாளி அண்ணை கிட்ட வந்து மெல்லமாச் சொன்னார்: "தங்கச்சி, வெளிச்சம் தண்ணியை விட்டு வெளியிலை வரேக்கை வளைஞ்சுதான் வரும். கண்ணை நம்பாதையும், வலையைக் கொஞ்சம் கீழை போடும்."

மூலையிலை நிண்ட சோடி

ஒரு சின்னப் பிள்ளை தொட்டியின்ரை மூலையிலை மூக்கை ஒட்டிக்கொண்டு நிண்டுது. "அந்த ரெண்டும் வேணும்." உள்ளுக்கு நிண்டது ஒரே ஒரு செம்மஞ்சள் மீன். மூலையிலை நிண்டு பாத்தால் ரெண்டு பக்கக் கண்ணாடியாலையும் அந்த ஒண்டே ரெண்டாய்த் தெரியும். இதை எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்திறதெண்டு தெரியாமல், பிடிச்சுப் பையிலை விட்டு நீட்டினன். பிள்ளை தாயைப் பாத்துக் கத்திச்சுது: "அம்மா, உந்த அன்ரி மற்றதை ஒளிச்சுப்போட்டு முழுசுறா!"

வெள்ளைச் சட்டி

உருண்டைப் போத்தலுக்குள்ளை எந்த மீனும் கொழுத்துத்தான் தெரியும். வட்டுக்கோட்டையிலை இருந்து வந்த ஒரு ஐயா, உள்ளங்கையளவு மீனெண்டு கொண்டுபோய் வீட்டுத் தொட்டியிலை விட, அது பெருவிரலளவாப் போச்சாம். நான் மாத்திக் குடுத்திட்டனெண்டு வந்து நிண்டு ஏசினார். அதுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைச்சிருக்கிறம்: பை கட்ட முதல் மீனை வெள்ளைச் சட்டியிலை விட்டு, மேலாலை உண்மையான அளவைப் பாக்கச் சொல்லுவம்.

அடுத்த முறை அந்த ஐயாவுக்கும் சட்டியிலை விட்டுக் காட்டினன். குனிஞ்சு கனநேரம் பாத்தார். பிறகு சொன்னார்: "இது சரியான சின்னன், பிள்ளை. எனக்குப் போத்தலிலை நிண்டதைத் தாரும்!"

வந்து இறங்கினவர்

போன கிழமை மனிசன் ஃபோன் எடுத்தவர். லீவு குடுக்கேல்லையாம், திருநாளுக்கு வரேலாதாம். மகள் ஃபோன் கண்ணாடியைக் கையாலை தடவிக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாள் கடையிலை, துடைச்ச தொட்டியையே திரும்பத் திரும்பத் துடைச்சுக்கொண்டு நிக்க, வல்வெட்டித்துறையிலை இருந்து ஒரு அக்கா வந்தா. பக்கத்திலை அவவின்ரை மனிசன். கனகாலம் வெளிநாட்டிலை இருந்து இப்பத்தான் வந்து இறங்கினவராம். அவையின்ரை மீனைச் சட்டியிலை விட்டன். அக்கா மீனைப் பாத்தா, மனிசனைப் பாத்தா, விழுந்து விழுந்து சிரிச்சா. "இவரும் உப்பிடித்தான், தங்கச்சி. ஃபோனிலை ஆறடி ஆள் மாதிரி நிண்டவர். பிளேனாலை இறங்கினாப் பிறகு பாத்தால் என்ரை தோளுக்குத்தான் நிக்கிறார்!"

என்ரை மனிசன் கண்ணாடிக்கு இஞ்சாலை வந்து நிண்டால் போதும், அளவு சரியில்லையெண்டு நான் ஆரிட்டையும் முறைப்பாடு சொல்லமாட்டன்.